கிணற்று நீச்சல்காரன் நேராக நீந்திய நாள்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு புரட்டாசி மாதம். மேலூர் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடற்படையில் வேலை பார்க்கிற ஒருத்தன், லீவுக்கு வந்த இடத்தில், இரண்டு முழங்காலிலும் சிராய்ப்போடு அந்தத் தண்ணீரில் எதிர்நீச்சல் போட்டுக்கொண்டிருக்கிறான். கரைமேல் அவன் பொண்டாட்டி மொபெட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே கூட வருகிறாள். அந்த ஒருத்தன் நான்தான். அந்த வழியாகப் போன பால்காரர் முதல் ஆடு மேய்ப்பவர் வரை எல்லாரும் நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரிப்பு வருகிற காட்சிதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் நான் அவ்வளவு மும்முரமாக வேறு எதையும் செய்ததில்லை.

கொஞ்சம் பின்னாடி போய்ச் சொல்கிறேன். நான் கடற்படையில் சேர்ந்தது சமையல்காரனாக. எங்களுக்குச் சொந்தமாக நிலம் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார்கள். பத்தாவது முடித்ததும் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன், எடுத்தார்கள், சமையல் பிரிவு கிடைத்தது. அம்மாவுக்கு அதில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "எம்மகன் கெவர்மெண்டு வேலையில இருக்கான்" என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "எம்மகன் சோத்துக்குப் பக்கத்துலயே இருக்கான்" என்றுதான் சொல்லுவார். சின்ன வயதில் எங்கள் வீட்டு அடுப்பு எத்தனை நாள் எரியாமல் கிடந்தது என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பேச்சின் அர்த்தம் புரியும்.

அந்த வேலையை நான் ஒருநாளும் மட்டமாக நினைத்ததில்லை. கடல் கொந்தளிக்கும்போது கப்பல் ஒருபக்கமாகச் சாய, கொதிக்கிற சாம்பார் அண்டாவைக் கட்டிப்போட்டு, காலை அகட்டி நின்று அத்தனை பேருக்கும் சமைத்துப் போடுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஊரில் அது யாருக்குத் தெரியும்? லீவில் வந்தால் போதும், கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது என்று எங்கே போனாலும் பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "மாப்ள, நேவிக்கார மாப்ள, இந்தக் கொழம்புக்கு உப்பு பாத்துட்டுப் போ!" நானும் போய் உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவேன்.

ஆசை வந்தது ஒரு துறைமுகத்தில். எங்கள் கப்பலைத் தள்ளுகிற விசிறியில் யாரோ விட்ட தடித்த வடக்கயிறு சுற்றிக்கொண்டுவிட்டது. அதை அறுத்து எடுக்க முக்குளிக்கிற ஆள் வந்தார். டைவர் என்போம். கலங்கல் தண்ணீர், ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. அவர் இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மேலே நின்ற இன்னொருவர் கையில். இழுத்து இழுத்துத்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். ரொம்ப நேரம் கழித்து மேலே வந்தவர் முகக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தது நான். கொடுத்துவிட்டு டம்ளரை வாங்காமலேயே நின்றுகொண்டிருந்தேன். இந்த வேலையை நான் செய்ய வேண்டும் என்று அந்த இடத்திலேயே தோன்றிவிட்டது.

கடற்படையில் சேர்ந்த பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு மாறுவது மாட்டுத்தாவணியில் பஸ் மாறுகிற மாதிரி கிடையாது. மேலதிகாரி சம்மதிக்க வேண்டும், உடம்பைச் சோதிப்பார்கள், நீச்சல் தேர்வு வைப்பார்கள். இதற்கெல்லாம் வயது வரம்பு வேறு. எனக்கு அந்த வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தலைமைச் சமையல்காரர் வடக்கத்திக்காரர். நல்ல ஆளை இழக்கிறேனே என்று முனகிக்கொண்டே எனக்காகப் பரிந்து பேசினார். மற்றதெல்லாம் தாண்டிவிட்டேன். நீச்சல் தேர்வு பற்றி எனக்குக் கவலையே இல்லை. நாங்கள் எல்லாம் நடக்கப் பழகியதோடு நீந்தப் பழகியவர்கள். முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டால் தன்னால் நீச்சல் வந்துவிடும். மோட்டார் ரூம் மாடியிலிருந்து குதிப்பேன், தரையைத் தொட்டு மண் எடுத்து வருவேன். என்னை மிஞ்ச எங்கள் பக்கம் ஆள் கிடையாது.

தேர்வு கடலில். ஒரு மிதவையிலிருந்து தூரத்தில் இருக்கிற இன்னொரு மிதவைக்கு நீந்த வேண்டும். விசில் அடித்ததும் பாய்ந்தேன். முதல் ஆளாகப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை, சத்தமும் இல்லை. தலையைத் தூக்கிப் பார்த்தால் மிதவை எங்கேயோ இடதுபக்கம் இருக்கிறது, மற்ற ஆட்கள் எல்லாம் அங்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். திருத்திக்கொண்டு மறுபடியும் நீந்தினேன், மறுபடியும் வலதுபக்கமாகவே வளைந்துகொண்டு போனேன். கடைசியில் பாதுகாப்புப் படகில் இருந்த பயிற்சியாளர் என் பக்கத்தில் வந்து, இலங்கைக்குப் போவதாக உத்தேசமா என்று இந்தியில் கேட்டார். படகில் ஏற்றிவிட்டார்கள். ஏறியதும் தேர்வு முடிந்தது. அடுத்த தேர்வுக்கு இன்னொரு முறை வரலாம், அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும் என்று சொன்னார்கள். மறுநாள் காலையில் பூரிக்கு மாவு பிசையும்போது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்தத் தோல்வியோடுதான் லீவில் வந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தோற்றதை மட்டுமல்ல, பிரிவு மாறப்போகிறேன் என்பதையே சொல்லவில்லை. சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற மகன் கடலுக்கு அடியில் போகப்போகிறான் என்று எந்த வாயால் சொல்லுவது? பொண்டாட்டியிடம் மட்டும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். மறுநாள் காலையில் வெங்காயத் தோட்டத்துக் கிணற்றுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், "எறங்கி நீந்துங்க, பாப்போம்" என்று படியில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் சோழவந்தான்காரி. அவள் அப்பா கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். வைகைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் ஊறிக் கிடந்தே வளர்ந்தவள். கல்யாணமான புதிதில் எங்கள் ஊர்க் கிணற்றைப் பார்த்து, இதற்குள் எப்படி ஆள் நீந்துவது, அண்டாவுக்குள் இறங்கின மாதிரி இருக்கிறதே என்று கேட்டவள். அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தையெல்லாம் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படிக்கு வந்ததும் சொன்னாள்.

"ஏங்க, நீங்க நீந்தவே இல்லையே. சுத்திச் சுத்தி வாரீக. கடலுக்குப் போயும் கெணத்தக் கையோட தூக்கிட்டுப் போயிருக்கீகளே."

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. அப்புறம் யோசித்தால், அவள் சொன்னது அச்சு அசலாக உண்மை. கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். ஓரமாகவே வட்டம் அடித்துத்தான் பழக்கம். எங்கள் ஊரில் எல்லாருமே ஒரே பக்கமாகத்தான் சுற்றுவோம், எதிரே வருகிறவன் மேல் மோதாமல் இருக்க. பிறந்ததிலிருந்து வலதுபக்கமாகவே வளைந்து வளைந்து இடது கை ஓங்கிப் போடும், வலது கை சும்மா கூட வரும். நேராக நீந்த வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. சுவர் இல்லாத தண்ணீரில் நான் இல்லாத சுவரைச் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"சரி, அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்ற?" என்றேன்.

"வாய்க்கால்ல தண்ணி வரட்டும்" என்றாள்.

அந்த வருடம் தண்ணீர் தாமதம். நாங்கள் கடைமடைக்காரர்கள், அணையைத் திறந்தாலும் எங்களிடம் வந்து சேர்வது கடைசியில்தான். ஊரே வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. வயல்காரர்களுக்கு நாற்றுக் கவலை, எனக்கு லீவுக் கவலை. ஒரு நாள் மத்தியானம், "தண்ணி வந்துருச்சு" என்று சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினோம். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு செம்மண் நிறத்தில் வந்தது. பெண்கள் பூவைத் தூவிக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். பயிர் போடுகிறவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே கும்பிட்டிருப்பேன்.

எங்கள் வாய்க்கால் இரண்டு பாலங்களுக்கு நடுவே கோடு கிழித்த மாதிரி நேராக ஓடும். கீழ்ப் பாலத்தில் இறங்கி மேல் பாலம் வரைக்கும், ஓட்டத்துக்கு எதிராக, எந்தக் கரையையும் தொடாமல் போக வேண்டும். இதுதான் அவள் எனக்கு வைத்த தேர்வு. கொஞ்சம் வளைந்தாலும் தண்ணீர் உடம்பைக் குறுக்காகப் பிடித்துத் தள்ளிக் கரையில் கொண்டுபோய் மோதிவிடும். முதல் நாள் பத்து வீச்சு போவதற்குள் முழங்கால் கல்லில் உரசியது. கலங்கல் தண்ணீரில் எந்தப் பக்கம் போகிறோம் என்றே தெரியவில்லை. அதற்குத்தான் மொபெட். வலதுபக்கம் போனால் ஒரு ஹாரன், இடதுபக்கம் போனால் இரண்டு. நேராகப் போனால் சத்தமே வராது. ஆனால் சத்தம் வந்துகொண்டேதான் இருந்தது.

ஊர்ச் சிரிப்பைப் பற்றித்தான் முதலிலேயே சொன்னேனே. "மாப்ள, கப்பல்ல எடமில்லேன்னு நீந்தியே வேலைக்குப் போகச் சொல்லிட்டாகளா?" என்று பாலத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்கள். அம்மா கேட்டதற்கு, உடம்பைக் குறைக்கச் சொல்லி அதிகாரி உத்தரவு என்று சொல்லிவைத்தேன். "இருக்கதே இம்புட்டு ஒடம்பு, இதுல எதைக் கொறைக்கச் சொல்றாக?" என்று அந்த அதிகாரியைத் திட்டிவிட்டு அவர் நடவு வேலைக்குப் போய்விட்டார். தினமும் நீந்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தூரம் கூடியது. மேல் பாலத்துக்கு முன்னால் ஒரு பனைமரம் இருக்கும், அதுவரைக்கும் வந்துவிடுவேன். அதற்குள் கை சோர்ந்து, பழைய குணம் தலைகாட்டி, வலதுகரையில் போய் இடிப்பேன். ஒரு நாள்கூட அந்தப் பனைமரத்தைத் தாண்டவில்லை.

அப்போதுதான் வாய்க்கால் ஷட்டரைத் திறந்து அடைக்கிற லஸ்கர் வந்து சொன்னார், முறைப் பாசனம் ஆரம்பித்துவிட்டது, இனி ஒவ்வொரு வாய்க்காலுக்கும் மாற்றி மாற்றித்தான் தண்ணீர், எங்கள் வாய்க்காலை மறுநாள் சாயங்காலம் அடைத்துவிடுவார்கள் என்று. அடுத்த முறை தண்ணீர் வரும்போது நான் கப்பலில் இருப்பேன். மறுநாள் காலை விட்டால் எனக்கு வேறு நேரான தண்ணீர் கிடையாது. அதற்கப்புறம் கடல்தான், தேர்வுதான். பனைமரத்தைத் தாண்டாமலேயே அங்கே போய் நின்றால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாள் முழுக்க, டைவர்களுக்கு டீ கொண்டுபோய்க் கொடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விடும்.

அந்தக் காலையில் கீழ்ப் பாலத்தில் இறங்கினேன். வாய்க்காலை ஒட்டின வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் நாற்றுப் பாவி வைத்திருந்தவர்கள் முந்திக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அந்த நடவு ஆட்களில் ஒருவர்தான். வரிசையில் குனிந்து நின்ற முதுகுகளில் எது அவர் முதுகு என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. ஹாரன் சத்தமே வரவில்லை. பரவாயில்லையே, நேராகப் போகிறோம்போல என்று சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் கை கரைப்புல்லில் பட்டது. தலையைத் தூக்கிப் பார்த்தால் அவள் ஹாரனைப் போட்டு அமுக்கு அமுக்கு என்று அமுக்குகிறாள். செத்துப்போயிருந்தது. அத்தனை நாளும் ஓயாமல் அடித்தால் அது என்ன செய்யும்? "மறுபடியும் மொதல்ல இருந்து வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்று கத்தினாள். திரும்பப் போய்ப் பாலத்தடியில் ஒரு நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுப் புறப்பட்டேன்.

பாதி தூரத்தில் தண்ணீருக்குள் அந்தச் சத்தம் கேட்டது. குலவை. ஹாரனுக்குப் பதிலாக அவள் மொபெட்டை ஓட்டிக்கொண்டே நாக்கைச் சுழற்றிக் குலவை போடுகிறாள். ஒரு குலவை போட்டாள், நான் இடதுபக்கம் திருத்திக்கொண்டேன். இரண்டு போட்டாள், வலதுபக்கம். நல்ல யோசனைதான். ஆனால் ஒன்றை மறந்துவிட்டாள். நடவு வயலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குலவை போட்டால் மற்ற பெண்கள் சும்மா இருப்பார்களா? வயலில் ஒரு குரல் எழும்பியது, அதன் பின்னால் மொத்த வரிசையும் நிமிர்ந்து குலவை போட ஆரம்பித்தது. வலது எது, இடது எது, எனக்கு என்ன தெரியும்? இந்தக் காதிலும் குலவை, அந்தக் காதிலும் குலவை. அவள் போடுவதை அதில் பிரித்தெடுக்க வழியே இல்லை.

நின்றுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். நின்றால் தண்ணீர் தள்ளிவிடும், திரும்பவும் முதலிலிருந்து வர உடம்பில் தெம்பில்லை. சரி, ஆனது ஆகட்டும் என்று தலையை அமுக்கிக்கொண்டு, வலது கையை மட்டும் நினைத்துக்கொண்டு போட்டேன். ஓங்கிப் போடு, இழு. ஓங்கிப் போடு, இழு. நெஞ்சில் படுகிற தண்ணீர் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்து போகிறதா என்று உடம்பாலேயே பார்த்துக்கொண்டேன். அதுவரைக்கும் ஹாரனைக் கேட்டுக் கேட்டுத் திருத்தினேனே தவிர, தண்ணீரைக் கவனித்ததே இல்லை. பனைமரம் எப்போது போனது என்று தெரியாது. திடீரென்று தலைக்கு மேல் வெயில் மறைந்து நிழல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன், மேல் பாலத்தின் அடிப்பகுதி. எந்தக் கரையும் என்னைத் தொடவில்லை.

பாலத்துச் சுவரைக் கட்டிக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன், சிரித்தேன். அவள் மொபெட்டை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கத்திக் கத்திக் குரலே போயிருந்தது, அதிலும் திட்டினாள். "அந்தப் பனமரத்தத் தாண்டுறப்பக் கூடவா உங்களுக்கு ஒரு வாட்டி நிமிந்து பாக்கத் தோணல?"

நடவிலிருந்து அம்மா சேற்றுக் காலோடு கரையேறி வந்தார். வயலில் முதலில் ஆரம்பித்த குரல் அவருடையதுதானாம். எதற்காக அத்தனை பேரும் குலவை போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எதுக்குன்னு எனக்கென்னடா தெரியும்? ஒம் பொண்டாட்டி போட்டா. நல்லதுக்குத்தேன் இருக்கும்னு நாங்களும் போட்டோம்" என்றார்.

அதற்கு மேல் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ஈரத்துணியோடு அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பயந்துவிட்டார் என்று தெரிந்தது, புறங்கையால் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"மேல வந்தா ஒனக்குச் சோறு யாரு போடுவா?"

"எனக்கு அடுத்தாப்ல வார சமையல்காரன் போடுவாம்மா."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, நாற்று வாடுகிறது என்று வயலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

அடுத்த தேர்வில் நான் முதல் ஆளாக வரவில்லை. என்னைவிட வேகமான பையன்கள் இருந்தார்கள். ஆனால் மிதவைக்கு நேராகப் போனேன். படகிலிருந்த அதே பயிற்சியாளர், இந்த முறை இலங்கை வேண்டாமா என்று கேட்டுக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அதற்கப்புறம் பயிற்சியில் பட்ட பாடு தனிக் கதை. பயிற்சி முடித்து, கரண்டி பிடித்த கையில் முகக்கண்ணாடியோடு பழைய கப்பலுக்குப் போனபோது, எங்கள் தலைமைச் சமையல்காரர் எனக்காகத் தனியாகக் கேசரி கிண்டி வைத்திருந்தார். மாவு பிசைந்த அதே மேடையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை அளக்கப் படி கிடையாது.

போன லீவில் ஒத்தக்கடையில் ஒரு காதுகுத்து. மண்டபத்துக்குள் நுழையும் முன்பே பின்பக்கமிருந்து அந்தக் குரல் வந்துவிட்டது. "நேவிக்கார மாப்ள, கொழம்பப் பாத்துட்டுப் போ!" நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"எம்மகன் இப்பச் சமைக்கலப்பா. கப்பலுக்கு அடியில போயி வேலை பாக்குறான்!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் முதுகில் கை வைத்து அடுப்புப் பக்கமாகத் தள்ளிவிட்டு, "போ, உப்பும் பாத்துட்டு வா" என்றார். போய் உள்ளங்கையை நீட்டினேன். உப்பு ஒரு கல் குறைச்சல் என்று சொன்னேன், போட்டார்கள்.

இன்றைக்கும் துறைமுகத்துக் கலங்கலில் இறங்கும்போது, நீட்டின கை கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இடுப்புக் கயிற்றின் மறுமுனையை மேலே ஒருவர் பிடித்திருக்கிறார் என்ற தைரியத்தோடு எனக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: எதற்கென்றே தெரியாமல், நல்லதுக்குத்தான் இருக்கும் என்று நம்பி ஒரு வயலே எனக்காகப் போட்ட குலவை.